ஊட்டியில் எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை

அம்மிணி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கும் பார்த்திருக்க மாட்டாய். என்ன செய்வது? எதிரில் உட்கார்ந்து பேசினால் நான் கத்துவேன், நீ எழுந்து உள்ளே போய்விடுவாய், உன் அம்மா நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டுவாள். போன வாரம் முழுக்க இந்த வீட்டில் அதுதான் நடந்தது. ஊட்டியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ மூச்சு வாங்க ஓடி வந்து சொன்ன அன்றைக்கு, உன் வாயில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடாமல், "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், திருப்பூர்ல இல்லாத பள்ளிக்கூடமா?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாய், தண்ணீர் வைக்கிறாய், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று உன் அம்மாதான் நேற்று என்னிடம் சொன்னாள்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளை வெளியூரில் தங்கி வேலை பார்த்தால் சொந்தக்காரர்கள் ஏதாவது பேசுவார்கள், அதற்காகத்தான் அப்பா மறிக்கிறார் என்று நினைக்கிறாய். சொந்தக்காரர்கள் பேசட்டும், அவர்களுக்கு வேறென்ன வேலை? எனக்கு இருப்பது பயம். வெறும் பயம். உனக்கு நாலு வயது இருக்கும்போது ஊட்டியில் என்னைப் பிடித்த பயம் அது, இன்னும் இறங்கவில்லை. "ஊட்டியில கொஞ்ச நேரம் காணாமப் போய்ட்டா" என்று உன் அம்மா விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வதை நீ கேட்டிருக்கிறாய். அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன், அதையும் பார்த்திருக்கிறாய். என் பக்கத்திலிருந்து ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் நீ என்னைத் திட்டிக்கொள்.

எக்ஸ்போர்ட் அப்போதுதான் சூடு பிடிக்கத் தொடங்கியிருந்த காலம். நான் கட்டிங் மாஸ்டர், உன் அம்மா அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். எங்கள் முதலாளி தோட்டங்காட்டிலிருந்து வந்து பனியன் கம்பெனி போட்டவர், நல்ல மனுஷர். அந்த வருஷம் ஆர்டர் நன்றாக ஓடியதில் சந்தோஷமாகி, "எல்லாரும் குடும்பத்தோட வாங்க, ஊட்டியில பூக்கண்காட்சி பாத்துட்டு வந்தரலாமுங்க" என்று இரண்டு பஸ் பேசிவிட்டார். எங்களில் பாதிப் பேர் பழனி மலையைத் தவிர வேறு மலை பார்த்ததில்லை. போவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே கம்பெனி முழுக்க ஊட்டிப் பேச்சுதான். என்ன சோறு கட்டுவது, எத்தனை போர்வை எடுப்பது என்று பொம்பளைகள் பேசினார்கள். நான் ஒருத்தன்தான், அத்தனை கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்போதும் நான் பயந்தவன்தான் என்று இதை வைத்து நீ சொல்லலாம்.

வழியும் நானே சொன்னேன். குடோனில் ஒரு லாட் மஞ்சள் டி-சர்ட் கிடந்தது. நெஞ்சில் வாத்துப் படம் போட்டது. வாத்தின் மூக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும், பிரிண்டிங்கில் சிவப்பாகிவிட்டது, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிவிட்டான். அதில் பெரும்பகுதியை முதலாளி காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு எடைக்குப் போட்டுவிட்டார், கொஞ்சம் மிச்சம் இருந்தது. கம்பெனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதையே போட்டுவிடுவோம், அத்தனை பச்சைக்கு நடுவில் மஞ்சள் எங்கே நின்றாலும் தெரியும், பஸ் ஏறும்போது எண்ணிக்கொள்ளவும் சுலபம் என்றேன். முதலாளி என் தோளில் தட்டி, "மாஸ்டர் மூளையே மூளைங்க" என்றார். சின்ன அளவுகளை நானே திரும்ப வெட்டிக் கொடுத்துத் தைக்க வைத்தேன். உன்னுடையதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். பழனியில் மொட்டை போட்டு மாதம் ஒன்று ஆகியிருந்தது, மஞ்சள் சட்டையில் நீ பையன் மாதிரியே இருந்தாய்.

மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் முன்பாதி பள்ளத்துக்கு மேல் போய்த் திரும்பியது. மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு வந்தார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நீ ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "ரயிலு எங்கீங்ப்பா, ரயிலு எங்கீங்ப்பா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாய். மலை ரயிலைப் பற்றி யாரோ உன்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஊட்டியில் இறங்கியதும் குளிர் தாங்காமல் உனக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கி மாட்டினேன். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிந்தது. அன்றைக்கு அங்கே பாதிப் பிள்ளைகள் தலையில் அதே குல்லாதான்.

முதலில் ஏரிக்குப் போனோம். படகில் நீ தண்ணீரைத் தொட வேண்டும் என்று எட்டி எட்டிக் குனிந்தாய், நான் உன் இடுப்பை விடவே இல்லை. கரைக்கு வந்தபோதுதான் பார்த்தேன், டிக்கெட் வரிசையில் எங்களுடையது அல்லாத மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் நிறைய நின்றார்கள். அதே வாத்து, அதே சிவப்பு மூக்கு. காதர்பேட்டையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி, கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டு திருப்பூரும் கோயமுத்தூரும் ஈரோடும் ஊட்டிக்கு வந்திருந்தது. எங்கள் சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க மாஸ்டர், நம்மளுக்கு முன்னால நம்ம சட்டை வந்து சேந்துருச்சுங்களே" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாம் வெட்டிய துணி இத்தனை பிள்ளைகள் உடம்பில் ஓடுகிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நேரத்தில் எனக்குச் சுத்தமாகப் பயம் இல்லை என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

பொட்டானிக்கல் கார்டனுக்குப் போகும்போது மதியம் தாண்டிவிட்டது. கூட்டம் என்றால் கூட்டம், புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. பூவிலேயே மயில் செய்து வைத்திருந்தார்கள். அதைக் காட்ட உன்னைத் தோளில் தூக்கி வைத்தேன். கண்ணாடி வீட்டுக்குள் நுழையலாம் என்று போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஊட்டி மழை முன்னறிவிப்பெல்லாம் கொடுக்காது. எல்லாரும் மரத்தடிக்கு ஓடினோம். உன்னை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டைப் பிழிவதற்காக உன் கையை விட்டேன். பிழிந்து உதறிய நேரம்தான். பிறகு கீழே குனிந்து பக்கத்தில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்து, தலையோடு துண்டைப் போர்த்தி, தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். குழந்தை குளிரில் சுருண்டு, வந்த களைப்பில் அப்படியே தூங்கிவிட்டது. பஸ் ஏறும்போது சூப்பர்வைசர் படிக்கட்டில் நின்று எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. நாங்கள் யாரும் பிள்ளைகளை எண்ணவில்லை, சட்டையை எண்ணினோம்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். ஈரச் சட்டையை மாற்றிவிடலாம் என்று உன் அம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு குல்லாவைக் கழற்றினாள். நான் முன்சீட்டுக்காரரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கத்தவில்லை. மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "ஏனுங்க, இங்க பாருங்க. இது நம்ம புள்ளை இல்லீங்க" என்றாள். மடியில் சுருள் முடியோடு ஒரு பையன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அம்மிணி, அந்த ஒரு நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் யோசித்தும் தெரியவில்லை. என் பிள்ளையைக் காணோம் என்பது மூளைக்கு ஏறவே இல்லை. இந்தப் பையனின் முகத்தில் உன் முகம் எங்கே போயிற்று என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன். பையனையும் வாரித் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஏன் தூக்கினேன் என்று அப்போது தெரியாது. உன் அம்மா பின்னால் வெறுங்காலோடு ஓடி வந்தாள். ஓட்டத்தில் பையன் முழித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளைப் பார்த்து, "எங்கம்மையக் காணும், எங்கம்மையக் காணும்" என்று அலறத் தொடங்கினான். ஒருவன் குறுக்கே வந்து என் காலரைப் பிடித்தான். "புள்ள புடிக்கிறவன்டா, உடாதீங்க" என்று ஒரு சத்தம். ஒரு அடி முதுகில் விழுந்தது, இன்னொன்று கழுத்தில். எனக்கு வலிக்கவில்லை. இவர்கள் என்னைப் பிடித்து வைத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் நீ எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாயோ என்பதுதான் என் உயிரைப் பிடுங்கியது. உன் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து தன் தாலியைக் கையில் பிடித்துக் காட்டி அழுத பிறகுதான் விட்டார்கள்.

கார்டன் வாசலில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவரிடம் சொன்னோம். என்ன அடையாளம் என்று கேட்டார். மஞ்சள் சட்டை, வாத்துப் படம், குரங்குக் குல்லா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மைக்கில் சொன்னார்கள். ஐயோ, கொஞ்ச நேரத்தில் நாலா பக்கமிருந்தும் மஞ்சள் சட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓடிக் குல்லாவை விலக்கிப் பார்த்தேன். இல்லை. அடுத்தது, இல்லை. பிள்ளைகள் பயந்து அழுதன, பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒவ்வொரு மஞ்சளும் தூரத்தில் வரும்போது நீயாகவே வந்தது, பக்கத்தில் வந்ததும் வேறு யாரோவாகிவிட்டது. தொலையக் கூடாது என்று நான் வெட்டிப் போட்ட துணி அது.

மழை விட்டுப் பனி இறங்கியது. எதிரில் இருந்த மரங்கள் தெரியவில்லை. கூட்டம் கலைந்து வண்டிகளெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர், "எதுக்கும் ஏரிப் பக்கமும் ஆள் அனுப்பியிருக்கேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். காலையில் தண்ணீரை எட்டி எட்டித் தொடப் பார்த்த உன் கை என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பக்கம் போயிருக்க மாட்டாளுங்க, அவளுக்கு வழி தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வழி தெரியாத பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

போலீஸ்காரர் பையனைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. "என்ற புள்ளயக் காணோமுங்க. இது அவுங்க புள்ளைங்க. இவனத் தேடி அவுங்க வந்தாத்தானுங்க என்ற புள்ள வரும்" என்று சொல்லி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் அதட்டினார். எனக்குக் காது கேட்கவில்லை. அந்தப் பையன் பாவம், அழுது அழுது ஓய்ந்து என் நெஞ்சிலேயே சாய்ந்துவிட்டான். உன் அம்மா யாரிடமோ ஒரு கேரட் வாங்கிக் கடிக்கக் கொடுத்தாள். அவன் சூடாக இருந்தான், நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் வரவே இல்லை என்றால் இந்தப் பையனைத் திருப்பித் தரவே மாட்டேன் என்றும் ஒரு நினைப்பு வந்தது. பயம் ஒரு மனுஷனை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பொம்பளை விழுந்தடித்து இறங்கினாள், இடுப்பில் நீ. பையன் அவளைப் பார்த்த பாய்ச்சலில் என் சட்டைப் பொத்தான் பிய்ந்தது. அவள் ஒரு கையில் அவனையும் ஒரு கையில் உன்னையும் வைத்துக்கொண்டு அப்படியே அழுதாள். "நாங்களும் திருப்பூர்லதான் இருக்கோம் அண்ணாச்சி. மழையில துண்டப் போட்டு மூடித் தூக்கிட்டுப் போயிட்டேன், உறங்குதான்னு நெனச்சேன். குன்னூர்ல டீ குடிக்க எறங்கி, குல்லாவ எடுத்தா மொட்டைத் தலையும் காதுல கம்மலும். எனக்கு ஈரக்குலையே நின்னு போச்சு" என்றாள். அவளும் என்னைப் போலத்தான் அந்த மலைப்பாதையில் மேலே வந்திருக்கிறாள்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். நீ வரவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கையில் இருந்த பன்னைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அப்பா, ரயிலு பாத்தனுங். பொக பொகயா உட்டுச்சுங்" என்றாய். குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் நின்றதாம், அந்தப் பொம்பளை நீ அழுதுவிடக் கூடாதே என்று தூக்கிக் காட்டினாளாம். "உங்க புள்ள ஒரு சொட்டு அழல அண்ணாச்சி. நீங்க யாருங்கன்னு எங்கிட்டயே கேக்கா. ஒங்க அப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னேன், சரிங்கன்னுட்டு பன்னு கேட்டா" என்றாள். உன் அம்மா உன்னைப் பிடுங்கி வாங்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். நான் ஓரமாகப் போய் நின்று வாந்தி எடுத்தேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்கு டூர் போனார்கள். "அவ சின்னதுல அங்க ரொம்பப் பயந்துட்டாளுங்க டீச்சர், மலைன்னா அவளுக்கு ஆகாதுங்க" என்று உன் டீச்சரிடம் நான் சொன்னேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். கொடைக்கானலுக்கும் அதையே சொன்னேன். ஊத்துக்குளியில் உன் சிநேகிதி கல்யாணத்துக்குத் தனியாக ரயிலில் போகிறேன் என்றபோது அதையே சொல்லி, நானும் கூட வந்து மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். கோயமுத்தூரில் காலேஜ் படித்தபோது சாயங்காலம் பஸ் கால் மணி நேரம் பிந்தினால் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களோடு சண்டை போட்டேன். எல்லாம் நீ பயந்த பிள்ளை என்று சொல்லித்தான். நீ பயப்படவே இல்லை, அம்மிணி. அன்றைக்கு அந்த மலையில் பயந்தவன் நான் ஒருத்தன்தான். நீ பன் தின்றுகொண்டு ரயில் பார்த்தாய்.

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ வேலை சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஐப்பசி மழையில் அந்த ரோட்டில் மண் சரியும். பனியில் எதிரே வருகிற வண்டி தெரியாது. குளிர் உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளுமோ, நீ தங்குகிற வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்களோ, உடம்பு முடியவில்லை என்றால் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்களோ. கம்பெனியில் துணி விரித்துக் கத்தியை வைக்கும்போதே இதெல்லாம் வருகிறது. நேற்று அளவு தப்பி ஒரு அடுக்கையே கெடுத்துவிட்டேன், இத்தனை வருஷத்தில் எனக்கு நடக்காத காரியம். மலை பஸ்ஸில் பின்சீட்டில் உட்காராதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணு, நான் அங்கேயே இருப்பேன். வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்று, தவறக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பயத்தில் சொல்வது இல்லை. உன் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் ஒரே நிறச் சட்டையில்தான் வந்து உட்காரும். அந்த ஊரில் பார்க்குக்கும் ஏரிக்கும் நீயே அவர்களைக் கூட்டிப்போக வேண்டி வரும். அப்போது தலையை எண்ணிக் கணக்கு சரி என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதே. ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்த பிறகு வண்டியில் ஏற்று. நேரமாகிறது என்று டிரைவர் கத்துவான், கத்தட்டும். வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்பன் உட்கார்ந்திருப்பான்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போகலாம். உன் அம்மாவிடம் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன், ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று. மேட்டுப்பாளையம் வரைக்கும் நான் கூட வருவேன், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே. அங்கே மலை பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு நான் கீழே நிற்பேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைத் திரும்பிப் பார்க்காதே, சாமி. பார்த்தாயானால் நானும் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

அப்பா